உதடு மரக்கும் கடை

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நீயும் உன் மனைவியும் சௌக்கியம் என்று போன வாரம் போனில் சொன்னாய். அதையே இந்த வாரத்துக்கும் வைத்துக்கொள்கிறேன். இங்கே அப்பாவும் நானும் இருக்கிறோம்.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். இந்த வீட்டில் இரண்டே அறை என்பது உனக்கு மறந்திருக்கும். நடுவில் இருப்பது சுவர் இல்லை, பலகை. அப்பாவைப் பற்றி அவர் காதுபட என்னால் பேச முடியாது. தவிர, போனில் நீ என்னைப் பேசி முடிக்க விட்டதே இல்லை. காகிதம் குறுக்கே பேசாது.

தொண்டைக்குக் கதிர் சிகிச்சை முடிந்து, கட்டி கரைந்துவிட்டது என்று டாக்டர் சொன்னபோது எல்லோரும் சந்தோஷப்பட்டோம். கட்டியோடு சேர்ந்து நாக்கின் ருசியும் போனதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நானும்தான். இப்போது கூட அடுப்பில் என்ன கொதிக்கிறது என்று கட்டிலில் இருந்தே மோப்பம் பிடித்துச் சொல்கிறார். ஆனால் வாய்க்குள் போனதும் எல்லாம் மண். எச்சிலும் வற்றிவிட்டது. “சிமெண்டக் குழைச்சு வாயில போட்ட மாதிரி இருக்கு, துப்பவும் முடியல முழுங்கவும் முடியல” என்றார். அப்படியே சாப்பாட்டைக் குறைத்துக் குறைத்து, பெல்ட்டில் ஆணியால் தானே புது ஓட்டை போட்டுக்கொள்கிற அளவுக்கு வந்துவிட்டார். இப்படியே போனால் வயிற்றில் ஓட்டை போட்டுக் குழாய் வைக்க வேண்டியிருக்கும் என்று டாக்டர் அவர் எதிரிலேயே சொன்னார். வீட்டுக்கு வரும் வழி முழுக்க அப்பா வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டே வந்தார்.

ஆஸ்பத்திரி பெஞ்சில் ஒரு டாக்சிக்காரர் பழக்கமானார். அவருக்கும் அதே இடத்தில் அதே சிகிச்சை. அவர்தான் அப்பாவிடம் சொன்னார்: “ருசியத் தேடாதீங்க சார், அது வரும்போது வரும். சுரணையத் தேடுங்க. சிச்சுவான்னு சீனாவுல ஒரு பக்கம், அந்தச் சமையல் கடையில ஒரு மிளகு போடுவாங்க. ருசி தெரியாது, ஆனா உதடு மரக்கும், நாக்குல ஊசி குத்துற மாதிரி இருக்கும். நம்ம நாக்கு இன்னும் சாகலன்னு தெரியும்.” டாக்டரைக் கேட்டேன். புண் ஆறிவிட்டது, தாராளமாகச் சாப்பிட்டுப் பார்க்கட்டும் என்றார்.

உன்னிடம் சொன்னபோது, ஸ்டார் எத்தனை என்று பார்த்துப் போ என்றாய். பார்த்தேன். தேட ஆரம்பித்த பிறகுதான் தெரிந்தது, சிச்சுவான் என்று போர்டு மாட்டினவர்கள் எல்லாம் சிச்சுவான் இல்லை. முதலில் நான் மட்டும் போய்ப் பார்ப்பது என்று முடிவு செய்தேன். அப்பாவை அழைத்துப் போய் ஒரு தடவை ஏமாந்தால் அடுத்த கடைக்கு வரமாட்டார். மதிய இடைவேளையில் வெட்டுகிற மேஜையை அப்படியே போட்டுவிட்டு ஓடுவேன். (அதே சீருடைக் கம்பெனியில்தான் இன்னும் துணி வெட்டுகிறேன். நீ கேட்கவில்லை, நானே சொல்கிறேன்.)

முதல் கடை பெரிய வணிக வளாகத்தில். சிவப்பு விளக்கு, சுவர் நீளத்துக்கு ஒரு டிராகன், கல்யாண ஆல்பம் கனத்துக்கு மெனு. டோஃபு கேட்டேன். சோயாப் பாலில் செய்கிற கட்டி, பஞ்சு மாதிரி இருக்கும், அப்பாவின் தொண்டையில் சிக்காமல் இறங்கும். வந்தது பாயசம் மாதிரி இனித்தது. விலையில் பாதி அந்த டிராகனுக்குப் போயிருக்கும். அடுத்த கடையில் மேஜையிலேயே அடுப்பு வைத்துக் கொதிக்கவிடுகிறார்கள். மிளகு நல்ல மிளகு, பொய் சொல்லக் கூடாது. ஆனால் ஆளுக்கு இவ்வளவு என்று மொத்தமாக வாங்கிவிடுகிறார்கள், நேரக் கணக்கு வேறு. குருவி மாதிரிக் கொறிக்கிறவரை அங்கே உட்கார வைத்தால் வயிறும் நிறையாது, காசுக்கும் கேடு. இன்னொன்று படுமலிவு. அந்த எண்ணெய் எத்தனை பேருக்குக் கொதித்ததோ, மத்தியானம் முழுக்க வயிற்றைப் புரட்டி, ஒரு கட்டு சட்டைக் கையைக் கோணலாக வெட்டி மேற்பார்வையாளரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

டாக்சிக்காரருக்குப் போன் செய்து புலம்பினேன். “மெனுவப் பாக்காதீங்கம்மா, யாரு சாப்பிடுறாங்கன்னு பாருங்க. மத்த ஓட்டல்ல சமைக்கிறவங்க வேலை முடிஞ்சு எங்க போய் உக்காருறாங்களோ, அதான் கடை” என்றார். அப்படித் தேடிக் கிடைத்ததுதான் உதிரி பாகச் சந்தைக்குப் பின்னால், டயர் கடை மாடியில் இருக்கிற இடம். பிளாஸ்டிக் நாற்காலி, துடைத்துத் துடைத்து நிறம் போன மேஜை. அரை நாள் லீவு போட்டு மூன்று மணிக்கு நான் போனபோது, வேறு வேறு ஓட்டல்களின் ஏப்ரனைக் கழற்றாமலே ஆட்கள் உட்கார்ந்து பேசாமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். காரத்தைக் குறைக்க முடியுமா என்று கடைக்காரம்மாவை வேண்டுமென்றே கேட்டேன். “குறைக்கலாம். அப்புறம் எதுக்கு இங்க வர்றீங்க?” என்றார். அந்தப் பதிலுக்கே உட்கார்ந்துவிட்டேன். மூன்றாவது வாயில் உதடு என்னுடையதாக இல்லை. சோறு தீரத் தீரக் கேட்காமலே வைக்கிறார்கள், டீக்குக் காசில்லை. நாங்கள் இரண்டு பேர் வயிறாரச் சாப்பிட்டாலும் டிராகன் கடையில் ஒருவர் சாப்பிடுகிற விலை வராது.

அடுத்த ஞாயிறு அப்பாவை அழைத்துப் போனேன். முப்பது வருஷம் லிஃப்ட் ரிப்பேர் பார்த்த மனுஷன், லிஃப்ட் இல்லாத கட்டிடத்தைத் திட்டிக்கொண்டே படி ஏறினார். முதல் வாய் வைத்தார், முகத்தில் ஒன்றும் இல்லை. இரண்டாவது. மூன்றாவதுக்குப் பிறகு ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டு விரலால் உதட்டைத் தொட்டுப் பார்த்தார். “பெரியவளே, எர்த் சரியில்லாத மோட்டார்ல கை வச்ச மாதிரி இருக்கு” என்றார். கைக்குட்டையை எடுத்து வாயோரம் துடைத்தார். எச்சில், தம்பி. எத்தனை மாதத்துக்குப் பிறகு. எங்கே போனாலும் இடுப்பில் செருகிக்கொண்டு போகிற தண்ணீர் பாட்டிலை அன்றைக்கு மேஜையிலேயே மறந்துவிட்டு வந்தார்.

அதிலிருந்து ஞாயிறு தவறாமல் போகிறோம். அந்தத் தெம்பில் மற்ற நாட்களிலும் கொஞ்சம் சாப்பிடுகிறார். டாக்டர் குழாய்ப் பேச்சை நிறுத்திவிட்டார். இப்போது அவருக்கு ஒரே நினைப்பு, நீ வரும்போது உன்னை அங்கே அழைத்துப் போக வேண்டும் என்பதுதான். “முதல் வாய்ல ஒண்ணும் தெரியாது, பொறுடா, மூணாவதுலதான் கரண்ட் வரும்னு அவன்கிட்ட முன்னாடியே சொல்லணும்” என்று என்னிடம் ஒத்திகை பார்க்கிறார்.

ஆகவே அடுத்த மாதம் வரும்போது அங்கே ஒரு வேளை வந்துவிடு. வேறு எங்கே அழைத்துப் போனாலும் ஒன்றை மட்டும் நினைவில் வை. <u>அந்த மிளகு இல்லாத சாப்பாடு அவருக்குச் சாப்பாடு இல்லை.</u> உனக்காகக் கோடு போட்டு எழுதியிருக்கிறேன்.

வருகிற தேதியை மாற்றாதே. உடம்பைப் பார்த்துக்கொள்.

பிரியமுள்ள
அக்கா

* * *

தம்பிக்கு,

நீங்கள் பத்திரமாக ஊர் போய்ச் சேர்ந்ததில் சந்தோஷம். உன் மனைவி கொண்டுவந்த போர்வை மெத்தென்று இருக்கிறது, அப்பா போர்த்திக்கொள்கிறார். அவளிடம் சொல்.

நீ வந்திருந்த மூன்று நாளில் நடந்ததை உனக்கே எழுதுவது கோமாளித்தனம்தான். ஆனால் நீ பார்த்தது பாதி. வந்த அன்றே டயர் கடை மாடியைப் பற்றி ஆரம்பித்தேன். “அப்பாவைப் போய் அங்கயா கூட்டிட்டுப் போறே?” என்றாய், ஏதோ நான் அவரைக் கோயில் வாசலில் உட்கார வைத்தவள் மாதிரி. நீ ஏற்கெனவே மேஜை பதிவு செய்திருந்தாய். நாலரை ஸ்டார், உள்ளங்கையில் வைத்துக் காட்டினாய். நீயும் வாயேன் என்று ஒரு தடவை சொன்னாய். பள்ளிகள் திறக்கிற சமயத்தில் சீருடைக் கம்பெனியில் லீவு கிடைக்காது என்பது உனக்குத் தெரியும், அதனால்தான் ஒரு தடவையோடு நிறுத்திக்கொண்டாய். அப்பா எனக்குக் கண்ணைக் காட்டினார். விடும்மா, ஆசைப்படுறான் என்று அர்த்தம்.

அன்றைக்குத் திரும்பி வந்ததும் எப்படி இருந்தது என்று கேட்டேன். “நல்ல இடம். நாற்காலியே மெத்தை மாதிரி. சின்னவன் ரொம்ப செலவு பண்ணிட்டான்” என்றார். சாப்பாட்டைப் பற்றி ஒரு சொல் இல்லை. எனக்கு உறைக்கவில்லை.

நீங்கள் கிளம்பின பிறகு வந்த ஞாயிறு, நான் செருப்பை மாட்டிக்கொண்டு நின்றேன். முழங்கால் வலிக்கிறது என்றார். அடுத்த ஞாயிறும் முழங்கால். நடு நாட்களிலும் தட்டைத் தள்ள ஆரம்பித்தார். விடாமல் கேட்டேன். ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: “அன்னிக்கு நாலு ஐட்டம் சாப்பிட்டேன். ஒண்ணுமே தெரியல. கரண்ட் போயிடுச்சும்மா. அதுவும் போயிடுச்சு. அவன்கிட்ட எப்படிச் சொல்றது, ஆசையாக் கூட்டிட்டுப் போனான்.” அந்த மிளகு போடாமல் இருந்திருப்பார்கள் என்றேன். “அவ்வளவு பெரிய சிச்சுவான் கடை, போடாமயா இருப்பாங்க?” என்றார்.

அந்த வாரம்தான் நீ கம்பெனிக்குப் போன் செய்தாய். அப்பா எப்படி ரசித்துச் சாப்பிட்டார் தெரியுமா என்று ஆரம்பித்து, வயதானவராயிற்றே என்று ஆர்டர் கொடுக்கும்போதே தனியாகச் சொல்லிவிட்டாயாம், அந்த மரக்கிற மிளகு எதிலும் போட வேண்டாம், காரமும் வேண்டாம் என்று. எவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்தாய் என்பது எனக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகச் சொன்னாய். நான் கையில் கத்தரிக்கோலோடு நின்றேன். என் கடிதத்தைப் படித்தாயா என்று மட்டும் கேட்டேன். “ரொம்ப நீளமா இருந்துச்சுக்கா, மேலோட்டமாப் பார்த்தேன்” என்றாய்.

அன்றைக்கு வேலை முடிவதற்கு முன்பே கிளம்பி வீட்டுக்கு ஓடிவந்து அப்பாவிடம் சொன்னேன். சின்னவன்தான் போட வேண்டாம் என்றானாம், உங்கள் நாக்குக்கு ஒன்றும் ஆகவில்லை என்றேன். சிரித்தார். “நீ நல்லதுதாம்மா சொல்லுவே” என்றார். சிகிச்சை நாட்களில் எடை குறைந்தபோதெல்லாம் கூடியிருக்கிறது என்று சொல்லித் தேற்றினவள் நான். அதெல்லாம் அவருக்கு அப்போதே தெரிந்திருக்கிறது. இப்போது நான் எதைச் சொன்னாலும் அந்தக் கணக்கில் சேர்ந்துவிடுகிறது.

டயர் கடை மாடியிலிருந்து டோஃபு வாங்கிவந்து வைத்தேன். வாயைத் திறக்கவில்லை. மிளகைப் பொடித்துக் கஞ்சியில் தூவிப் பார்த்தேன். மோந்தே கண்டுபிடித்துவிட்டார், கிண்ணத்தைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னார்: “வேண்டாம். ஒரு தடவ பாத்தாச்சு. இன்னொரு தடவ இல்லன்னு தெரிஞ்சுக்கத் தெம்பு இல்ல.” கோபமாகச் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். கெஞ்சுகிற மாதிரிச் சொன்னார்.

நான் சொன்னால் ஆறுதல். நீ சொன்னால்தான் சாட்சி. அந்த மேஜையில் உட்கார்ந்தவன் நீ, ஆர்டர் கொடுத்தவன் நீ. அவருக்குப் போன் செய்து ஒரே ஒரு வாக்கியம் சொல். அதையும் நானே எழுதித் தருகிறேன்: “அப்பா, அன்னிக்கு அந்த மிளகு போட வேணாம்னு நான்தான் சொன்னேன்.” மன்னிப்புக் கேட்க வேண்டாம், விளக்கம் வேண்டாம். அவர் உன்மேல் வருத்தப்படமாட்டார். உன்மேல் அவர் எப்போது வருத்தப்பட்டிருக்கிறார்?

டாக்டர் மாதக் கடைசி வரைக்கும் பார்க்கலாம் என்றிருக்கிறார். இந்தக் கடிதத்தைச் சுருக்கமாகத்தான் எழுத நினைத்தேன், முடியவில்லை. தயவுசெய்து முழுக்கப் படி.

அக்கா

* * *

தம்பிக்கு,

நீ போன் செய்தாய். அது வரைக்கும் உனக்கு நன்றி.

காதில் வைத்தால் சரியாகக் கேட்கவில்லை என்று அப்பா போனில் எப்போதும் ஸ்பீக்கரைப் போட்டுத்தான் பேசுவார் என்பது உனக்குத் தெரியாது போலிருக்கிறது. நான் பலகைக்கு இந்தப் பக்கம் துணி மடித்துக்கொண்டிருந்தேன். நீ ஆரம்பிப்பதற்கு முன்னால் அவரே கேட்டுவிட்டார், அன்றைக்குச் சாப்பாட்டில் அந்த மிளகு போட்டிருந்தார்களா என்று. இத்தனை நாள் என்னிடம் வாயை இறுக்கிக்கொண்டவர், உன் குரலைக் கேட்டதும் தானாகக் கேட்டார். நீ கொஞ்சம் யோசித்தாய். நான் கையிலிருந்த துணியை அப்படியே வைத்துக்கொண்டு நின்றேன். “போடாம இருப்பாங்களாப்பா? எனக்கே உதடெல்லாம் எரிஞ்சு போச்சு. சூப்பரா இருந்துச்சுல்ல?” என்றாய்.

“ஆமாம்பா, சூப்பரா இருந்துச்சு” என்றார் அப்பா. பிறகு உன் வேலையைப் பற்றிக் கேட்டார், உங்கள் ஊரில் மழை உண்டா என்று கேட்டார். போனை வைத்துவிட்டு, நான் பக்கத்தில் போய் நின்றபோது என் முகத்தைப் பார்க்காமல், “பாத்தியா, அவனுக்கு எரிஞ்சிருக்கு” என்று மட்டும் சொன்னார். என்னைப் பொய்க்காரி என்று சொல்லவில்லை. அவ்வளவு நல்லவர்.

மறுநாள் உன்னைக் கேட்டேன். மகனோடும் மருமகளோடும் உட்கார்ந்து நன்றாகச் சாப்பிட்டோம் என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார், அதை எதற்குக் கெடுப்பது என்று தோன்றியது என்றாய். உன்மேல் எனக்குச் சந்தேகம் இல்லை, உனக்கு அப்படித்தான் தோன்றியிருக்கும். அவர் உன் மனசு நோகக் கூடாது என்று பார்த்தார், நீ அவர் மனசு நோகக் கூடாது என்று பார்த்தாய். இரண்டு பேரும் ரொம்ப மரியாதையாகப் பேசி முடித்தீர்கள். பட்டினி கிடந்தவர் ஒருவர்தான்.

மாதக் கடைசித் திங்கட்கிழமை குழாய் வைத்தாயிற்று. தொப்புளுக்கு மேலே, விரல் கனத்துக்கு. வெள்ளையாக ஒரு மாவுக் கரைசல், பெரிய சிரிஞ்சில் ஊற்றி உயரத்தில் பிடிக்க வேண்டும். காலையில் நான் வேலைக்குப் போவதற்கு முன்னால் ஒரு தடவை, மத்தியானம் கீழ்வீட்டு அம்மா வந்து, ராத்திரி நான். முதல் நாள் அப்பா அது இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “பம்பே வேணாம் பாரு, உயரத்துல பிடிச்சாத் தானா இறங்குது. நல்ல டிசைன்” என்றார். நர்ஸ் சிரித்தாள். எடை கூடுகிறது, டாக்டருக்குத் திருப்தி. இப்போது எடை எவ்வளவு என்று அவர் என்னைக் கேட்பதில்லை.

ஒரு ஞாயிறு நான் மட்டும் டயர் கடை மாடிக்குப் போனேன். எதற்குப் போனேன் என்று தெரியவில்லை. கடைக்காரம்மா வழக்கம்போல இரண்டு கிண்ணம் கொண்டுவந்து வைத்தார். ஒன்றை எடுத்து நானே பக்கத்து மேஜையில் வைத்தேன். இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை. எனக்கு மட்டும் உதடு மரப்பது ஏதோ திருட்டுத்தனம் மாதிரி இருந்தது. எழுந்து வந்துவிட்டேன்.

உன் மனைவி அன்றைக்கு எடுத்த படத்தைச் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் அனுப்பியிருக்கிறாள். அத்தை போன் செய்து, “உன் தம்பி எவ்வளவு பாசமா அப்பாவப் பாத்துக்கிறான், பாரு, எப்பேர்ப்பட்ட இடம்” என்றார். ஆமாம் அத்தை என்றேன். நல்ல படம்தான். அப்பா தேய்த்த சட்டை போட்டிருக்கிறார், ஸ்பூனைத் தூக்கிப் பிடித்திருக்கிறார். நீ அவர் தோளில் கை போட்டிருக்கிறாய். நீ கேமராவைப் பார்க்கிறாய், அப்பா மட்டும் ஸ்பூனைப் பார்க்கிறார்.

இனி உன்னிடம் எதுவும் கேட்டு எழுதமாட்டேன். போன் செய், ஆனால் சாப்பாட்டுப் பேச்சை எடுக்காதே. பணம் அனுப்புவதாகச் சொன்னாய், அந்தக் கரைசல் ஆஸ்பத்திரியிலேயே கிடைக்கிறது, வேண்டாம்.

நீயும் உன் குடும்பமும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். மனசாரத்தான் எழுதுகிறேன். ஒருவேளை உனக்கு வயதாகி, வாயைத் திறந்து எதையாவது சொல்ல வேண்டிய நாள் வந்தால், அதைக் கடைசி வரை உட்கார்ந்து கேட்கிற ஒரு ஆள் உன் பக்கத்தில் இருக்கட்டும்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது அப்பா பலகைக்கு அந்தப் பக்கத்திலிருந்து யாருக்கு எழுதுகிறாய் என்றார். சொன்னேன். “சாப்பிட்டானான்னு கேளு” என்கிறார்.

கேட்டுவிட்டேன்.

அக்கா